எதிரொலியைத் தேடி யாங்கூன் போன கதை

யாங்கூனுக்குப் பகோடா பார்க்கப் போவார்கள், ரத்தினக் கல் வாங்கப் போவார்கள், தாத்தா விட்டுவந்த வீட்டைத் தேடிக்கொண்டும் போவார்கள். நான் ஒரு எதிரொலியைத் தேடிப் போனேன். சிரிக்க வேண்டாம், கம்பெனி செலவில்தான் போனேன். போன ஜூன் மாதம், இரண்டாம் வாரம். மழைக் காலத்தில் யாராவது யாங்கூன் போவார்களா என்று கேட்பவர்களுக்கு: என் மேலாளருக்கு மழை, வெயில் எதுவும் கணக்கில்லை.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அமெரிக்காவில் எந்த ஊரில் வீட்டுக்கு வீடு வருமானம் அதிகம் என்று வருடாவருடம் ஒரு தரவரிசை தயாராகிறது. வீடு வாங்கி விற்கும் ஒரு கம்பெனி அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறது. அந்த வரிசைக்கு வரும் விவரங்களைச் சரிபார்ப்பது சென்னையில் என் வேலை. வீடுகளுக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது யாங்கூனில் ஒரு அறையில் இருக்கும் ஏழு பெண்களின் வேலை. சம்பளம் எங்கே குறைவோ வேலை அங்கே போகும், இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

பணக்காரர்கள் லேசில் வருமானம் சொல்ல மாட்டார்கள். கேள்வியை முடிப்பதற்குள் போனை வைத்துவிடுவார்கள். ஆனால் இந்த வருடம் ஒரு கடலோர ஊரில் (பெயர் சொல்லக் கூடாது, ஒப்பந்தம்) ஏறக்குறைய எல்லா வீடும் பதில் சொல்லியிருந்தது. மாளிகை மாளிகையாக இருக்கும் ஊர். பதில்களைப் பார்த்தால் வீட்டுக்கு ஒரே ஆள். எட்டுப் படுக்கையறை இருந்தாலும் ஒரே ஆள். அந்த ஒரு ஆளின் வருமானம், அங்கே கடையில் கல்லாவில் நிற்பவர் வாங்கும் சம்பளத்துக்கு மேல் இல்லை. போன வருடம் முன்வரிசையில் இருந்த ஊர் இந்த வருடம் பட்டியலிலேயே இருக்காது போலிருந்தது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் குரல், "நான் மட்டும்தான்" என்கிறது. கொஞ்சம் பொறுத்து, எங்கோ உள்ளேயிருந்து அதே சொற்கள் மறுபடி வருகின்றன. அடுத்த வீடு, வேறு குரல், அதே எதிரொலி. நாற்பது பதிவுகள் கேட்டிருப்பேன், ஒவ்வொன்றுக்கும் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். மேலாளருக்கு அந்த மாதிரித் தொந்தரவெல்லாம் கிடையாது. "ஏதோ காலி ஹால்ல உக்காந்து அவங்களே மாத்தி மாத்திப் பேசிப் பதிவு பண்ணிருக்காங்க. அந்த ஹாலைக் கண்டுபிடிச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க, அறையை மூடிடலாம்" என்றார். ஆக, என் ஒரு கையெழுத்தில் ஏழு பேருடைய வேலை. எனக்கு வாய்க்கிற பயணமெல்லாம் இந்த லட்சணம்தான்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் போனேன். போக வர முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய். இ-விசா நான்கு நாளில் வந்தது. யாங்கூனில் இறங்கியபோது அங்கே மாலை 4.40. நம் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே. விமான நிலையத்திலிருந்து, எங்கள் அறை இருக்கும் லான்மடாவ் பகுதி பதினேழு கிலோமீட்டர் இருக்கும். டாக்சிக்கு இருபத்தெட்டாயிரம் கியாட் கேட்டார்கள். மழையில் ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன, ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கிறது, ஏன் என்று யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள்.

டிரைவர் தமிழர். பர்மியப் பெயர் கோ மியோ, வீட்டில் மணி. ஏரியை ஒட்டிய சாலையில் உயரமான மதில்களும் உள்ளே பெரிய பெரிய வீடுகளுமாக வந்தன. பட்டப்பகல் போன பிறகும் இருட்டாத நேரம், ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மாடி விளக்கு எரிந்தது.

"இதுல எல்லாம் யார் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"யாரு இருக்காங்க? பூட்டித்தான் கெடக்கு. சிங்கப்பூரு, பாங்காக்குன்னு போயிட்டாங்க. காவலுக்கு ஒரு ஆளு உண்டு, அம்புட்டுத்தான்."

"அப்ப விளக்கு?"

"வூட்ல ஆளு இருக்குறாப்ல தெரியணும்ல. கரண்டு இல்லாட்டி ஜெனரேட்டர் போட்டு எரிய விடுவாங்க. நம்ம தெருவுல கரண்டு இல்லாம கெடக்கும், இங்க ஆளில்லாத வூட்ல வெளக்கு."

வெளிநாட்டவர் உரிமம் உள்ள ஓட்டலில் மட்டுமே தங்க முடியும். எனக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு டாலர், காலை மொஹிங்கா சேர்த்து. மீன் குழம்பில் சேமியா போட்ட மாதிரி இருக்கும். முதல் நாள் முகம் சுளித்தேன், மூன்றாம் நாள் இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அலுவலகம். யாங்கூனில் காலை என்றால் அமெரிக்காவில் முந்தைய நாள் இரவு எட்டு மணி, வீட்டில் ஆள் இருக்கும் நேரம். லான்மடாவில் ஒரு குறுக்குத் தெரு, கீழே பாத்திரக் கடை, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அறை சின்னது. சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள், ஒருவர் பேசுவது இன்னொருவர் போனில் விழாமலிருக்க. நான் நடுவில் நின்று பலமாகக் கையைத் தட்டினேன். சத்தம் போர்வைக்குள் புதைந்து போய்விட்டது. ஏழு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"கொசுவாக்கா?" என்றாள் ஒருத்தி. அவள்தான் கல்யாணி, அந்த அறைக்குத் தலைவி. முப்பது வயதிருக்கும், தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னம், நேராகப் பார்க்கிற கண். மற்றவர்களுக்கு அவள் மா தீடா. தமிழ் பேசத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். "தமிழ் வூட்ல பேசுறதுதான். இப்ப வூட்ல யாருமில்ல, அதனால வாய் மறந்து கெடக்கு. தப்பா பேசினா கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

மறைக்கத் தெரியாத ஜென்மம் நான். வந்த காரணத்தை உடைத்துச் சொல்லிவிட்டேன். அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. முந்தைய பதிவு ஒன்றை முழுசாகப் போட்டாள், சென்னையில் நான் கேட்டதெல்லாம் பதில் துண்டுகள் மட்டும்தான். அதில் அவள் கேட்ட கேள்வியைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்' என்று கேட்கச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அவள் கேட்டது: 'நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள்?'

"இப்படிக் கேக்கச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வூட்ல எத்தன பேருன்னா வேற எப்படிக்கா கேக்குறது?" அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. "இங்க வார்டு ஆபீஸ்ல இருந்து வந்து அப்படித்தானே கேப்பாங்க. ராத்திரி வந்து கதவத் தட்டுவாங்க. யாரு படுத்திருக்காங்கன்னு ஆள எண்ணுவாங்க. விருந்தாளி வந்து தங்கினாக்கூட முன்னமே போய்ச் சொல்லணும். படுத்தவங்கதானே வூட்டு ஆளு? படுக்காதவங்கள எப்படி எண்ணுறது?"

அறையிலிருந்த ஏழு பேருமே அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. வேறு ஊர்களில் இதனால் வித்தியாசம் வரவில்லை, ஏனென்றால் அங்கே வீட்டுக்காரர்கள் வீட்டில் படுக்கிறார்கள். இந்தக் கடலோர ஊரில் மட்டும், கல்யாணி சொல்வதை நம்பினால், போனை எடுப்பது வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுப்போன பெண்கள். நேற்று ராத்திரி யார் படுத்தார்கள் என்றால் அவர்கள்தான். யாருக்கு என்ன வருமானம் என்றால் அவர்கள் சம்பளம்தான். நம்பினால் என்பதுதான் சிக்கல்.

அன்று மாலை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு தெரு தள்ளி, நான்காம் மாடி. யாங்கூன் தெருக்களில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் கயிறு ஒன்று தொங்கும், நுனியில் கிளிப். தெருவில் காய் விற்பவர், பேப்பர்க்காரர் இழுத்தால் மேலே மணி அடிக்கும், பையை மாட்டி இழுத்துக்கொள்வார்கள். ரொம்ப நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். பாதிக் கயிறுகளை யாருமே இழுக்கவில்லை. கேட்டபோது அந்த வீடுகளில் ஆளில்லை என்றாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "படி ஏறவே உயிர் போகுது" என்றேன். 'உயிர் போகுது' என்று உள் அறையிலிருந்து திரும்பி வந்தது. அதே எதிரொலி. சென்னையில் நாற்பது தடவை கேட்டது, சந்தேகமே இல்லை. வீட்டில் கட்டில் இல்லை, பீரோ இல்லை, நாற்காலி இல்லை. ஒரு மூலையில் பாய், சுவரில் முருகன் படம், பக்கத்தில் புத்தர். வேறொன்றும் இல்லாத நீளமான வெற்று வீடு.

கல்யாணி என் முகத்தைப் பார்த்தாள். "இங்கதான் வச்சுப் பேசினோம்னு நெனைக்கிறீங்க" என்றாள்.

நான் முருகன் படத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். அண்ணன் செல்வம், அண்ணி, இரண்டு பிள்ளைகள், இவள், ஆக ஐந்து பேர் இந்த வீட்டில் இருந்தார்கள். அண்ணன் குடும்பம் தாய்லாந்துக்குத் தரை வழியாகப் போனது. வழிச் செலவுக்குத்தான் கட்டில், பீரோ எல்லாம் விற்றது. எல்லையிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகிறது, ஒரு தகவலும் இல்லை. "ஆபீஸ்காரங்க ராத்திரி வந்தா அஞ்சு பேரு எங்கன்னு கேப்பாங்க. வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுவேன். பட்டியல்ல இருந்து அவங்க பேர எடுத்துடவான்னு போன தடவ கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

பருப்புக் குழம்பும் ஊறவைத்த தேயிலைக் கலவையும் ருசியாகத்தான் இருந்தன. என்னால் சாப்பிட முடியவில்லை. ஒரு கவளம் விழுங்கும்போதெல்லாம் உள் அறையில் யாரோ விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம். பார்க்க இவ்வளவு பாவமாக இருக்கிற ஒருத்தி பொய் சொல்லியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அதே சமயம், பொய் சொல்வதற்கு இதைவிடத் தோதான இடமும் கிடைக்காது என்று மண்டைக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"காலையில வாங்க. நான் போட மாட்டேன், நீங்களே நம்பர் எடுத்து நீங்களே போடுங்க" என்றாள் படியிறங்கும்போது.

போட்டேன். சென்னையிலிருந்து நான் கொண்டுபோயிருந்த முகவரிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டு, நானே எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியில் வைத்தேன். யாங்கூனில் மணி ஏழு. ஐந்தாவது தடவை மணி அடித்தபோது ஒரு பெண் எடுத்தாள். கல்யாணி ஆங்கிலத்தில் பேசினாள். அந்தப் பெண்ணின் பெயர் ரோசா. குரலுக்குப் பின்னால் அதே எதிரொலி. போர்வை தொங்கும் அந்தச் சின்ன அறைக்குள் அவ்வளவு பெரிய வீடு எப்படி வந்தது என்று எனக்குத் தலை சுற்றியது.

நேற்று ராத்திரி யார் படுத்தார்கள் என்று கல்யாணி கேட்டாள். நான் மட்டும்தான் என்றாள் ரோசா. குளிர்காலத்திலிருந்தே அவள் மட்டும்தானாம். வீட்டுக்காரர், மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் வேறெங்கோ. எங்கே என்று அவளுக்குத் தெரியாது. தினமும் மாலை ஏழு மணிக்கு மேசையில் நான்கு தட்டு வைக்க வேண்டும். விளக்குகளை அறை அறையாகப் போட வேண்டும், அணைக்க வேண்டும். ஒன்பது மணிக்குத் தட்டுகளை எடுத்துக் கழுவ வேண்டும். யாரும் சாப்பிடாத தட்டை ஏன் கழுவுகிறாய் என்று கல்யாணி கேட்டாள். கழுவுகிறேனா என்று பார்ப்பார் என்றாள் ரோசா. யார் பார்ப்பார் என்று கேட்பதற்குள், எதிரொலியோடு கூடவே இன்னொரு குரல் விழுந்தது. ஆண் குரல். அறைக்குள்ளிருந்து வந்த குரல் இல்லை, மேலே, கூரையில் மாட்டிய கேமராவிலிருந்து வருகிற மாதிரி.

"ரோசா, யாரிடம் பேசுகிறாய்?"

எங்கள் அறையில் மற்ற ஆறு பேரும் தங்கள் போன்களைக் கீழே வைத்துவிட்டார்கள். ரோசாவும் போனை ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தாள், நாங்கள் பேசுவது அந்த வீடு முழுக்கக் கேட்கும். வைத்துவிடு வைத்துவிடு என்று கல்யாணிக்கு ஜாடை காட்டினேன். அவள் வைக்கவில்லை. மிகவும் மரியாதையாக, நாங்கள் சொல்லிக்கொடுத்த அதே குரலில், "ஐயா, வீட்டு வருமானக் கணக்கெடுப்பு. நேற்று ராத்திரி நீங்கள் இந்த வீட்டில் படுத்தீர்களா?" என்று கேட்டாள்.

"இது என் வீடு" என்றது கூரை.

"நல்லது ஐயா. நேற்று ராத்திரி இங்கே படுத்தீர்களா?"

'படுத்தீர்களா' என்பது மட்டும் அந்த வீட்டுக்குள் அறை அறையாகப் போய்த் தேய்ந்தது. பிறகு இணைப்பு அறுந்தது. கல்யாணி திரையில் பதிலைப் பதிந்தாள்: ஒரு ஆள். என்னைப் பார்த்து, "யா பா டே, அக்கா" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். எனக்குத்தான் ஒன்றும் பரவாயில்லையாக இல்லை. முந்தின நாள் அவள் சோற்றைச் சாப்பிடாமல் வைத்துவிட்டு வந்ததை நினைத்து அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அன்றே அறிக்கை எழுதி அனுப்பினேன். பதில்கள் எல்லாம் உண்மை, ஹால் எதுவும் இல்லை, எதிரொலி அந்த வீடுகளுடையது. மீதி இருந்த ஒரு நாளில் ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனேன். மழையில் பளிங்குத் தரை வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள். பொன் கோபுரம் பிரமாதம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களில் எத்தனை பேர் வீட்டில் தனியாகப் படுக்கிறார்களோ என்றே மனம் போனது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டாலர் நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல் இருக்க வேண்டும், சின்னக் கறை இருந்தாலும் வாங்க மாட்டார்கள். ஊரடங்கு நேரம் அவ்வப்போது மாறுகிறது, ஓட்டலில் தினமும் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டு முறை வைத்து வரும், கையோடு ஒரு டார்ச் நல்லது. தெரிந்தவர் வீட்டில் சாப்பிடலாம், படுக்க முடியாது, அவர்களை வற்புறுத்திச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். யாருடைய வீட்டிலும் 'மற்றவர்கள் எங்கே' என்று பேச்சுக்குக்கூடக் கேட்காதீர்கள். தமிழ் பேசினால் பலருக்குப் புரியும், பதில் பர்மிய மொழியில் வரும், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சென்னை வந்த பிறகு மேலாளர் கூப்பிட்டார். அறிக்கையைப் படித்திருந்தார். "உண்மையாவே இருக்கட்டும். அதுக்காக வேலைக்காரி சம்பளம் வீட்டு வருமானம் ஆயிடுமா?" என்றார்.

"அங்கே படுக்கிறது அவங்கதானே சார்."

"ஓனர் எங்க படுத்தா நமக்கென்ன? இந்த ஊர் வரிசையில இல்லேன்னா வாங்குறவன் போயிடுவான்." அவருக்கு ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு வீட்டின் விலையையும் அறைகளையும் பார்த்து, அதில் எப்படிப்பட்ட குடும்பம் இருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிட வேண்டும். எத்தனை பேர், என்ன வயது, என்ன வருமானம் எல்லாம். பதில் கிடைக்காத வீடுகளுக்கு எல்லோரும் செய்கிற காரியம்தான், புதிதில்லை. பதில் கிடைத்த வீடுகளுக்குச் செய்வதுதான் புதிது. "யாங்கூன் அறையே செய்யட்டும். மூட வேண்டாம். சந்தோஷம்தானே உங்களுக்கு?" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏழு பேருடைய வேலையும் தப்பியது. கல்யாணிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். ஹொக்கே, ஹொக்கே, சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். ரோசாவின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்றாள். அவள் என்ன ஆனாள் என்று கேட்க எங்கள் இருவருக்குமே ஆளில்லை.

பத்து நாளில் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். திறந்து பார்த்தேன். ஊர் நிறைய ஆள். சுத்தமான வேலை, ஒரு பிழை இல்லை. ரோசாவின் வீட்டில் நான்கு பேர்: கணவன், மனைவி, ஒரு பையன், ஒரு பெண். வீட்டைப் பார்த்துக் குடும்பத்தை ஊகிக்கிற எங்கள் மென்பொருள் சொல்வது போலத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்காரருக்கும் ஐம்பது, அறுபது வயது போட்டிருந்தது, இந்த வீட்டுக்காரருக்கு மட்டும் முப்பத்தாறு. அவ்வளவு சின்ன வயதில் அவ்வளவு வருமானமா என்று கேட்கத்தான் கல்யாணியைக் கூப்பிட்டேன்.

"அது எங்கண்ணன் செல்வம் வயசுக்கா" என்றாள்.

எனக்கு உடனே புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். பெயர் எழுத இடமில்லை, வயதை மட்டும் எழுதினாளாம். அண்ணி முப்பத்திமூன்று, பெரியவன் ஒன்பது, சின்னது ஆறு. போனில் அவள் குரலுக்குப் பின்னால் அந்த வெற்று வீடு மறுபடி மறுபடி பேசியது.

"சும்மா யாரையோ போடச் சொல்லுறீங்க. ஆளில்லாம எட்டு ரூம் கெடக்குது" என்றாள். "அவங்களும் எங்கயாச்சும் படுக்கணும்ல அக்கா."

வயதைத் திருத்தச் சொல்வதுதான் என் வேலை. நான் திருத்தச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.